நான்கு கட்டை உயர வீரர்கள்



நம் பள்ளியில் பத்தாம் வகுப்பில் பயிலும் ஒரு மாணவியின் உயரம் 160 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அவளை நாற்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் 4 சென்டிமீட்டர் ஆவாள். டென்மார்க் நாட்டு லெகோ நிறுவனம் செய்யும் பொம்மை மனிதனின் உயரம் ஏறத்தாழ அதுதான். அந்த நிறுவனத்தின் அடுக்குக் கட்டைகளால் அளந்தால், தொப்பி இல்லாமல் நான்கு கட்டை உயரம். மேனாட்டார் இதனை 'மினிஃபிகர்' என்பர். நாம் சிற்றுருவம் என்று அழைப்போம். இச்சிற்றுருவத்துக்குச் சிலந்தி உடையும் வௌவால் முகமூடியும் அணிவித்து, சித்திரக்கதை வீரர்களாக்கி விற்கிறார்கள். சிறுவர் மட்டுமன்றி நரைத்த தலையினரும் இவற்றைத் தேடிச் சேர்க்கின்றனர்.

தபால்தலை சேர்ப்பதைப் போன்ற பொழுதுபோக்குத்தானே என்று நானும் முதலில் எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில் என் தங்கை மகள் தன் பெட்டியை என் முன் கவிழ்த்துக் கொட்டினாள். "பெரியம்மா, இதில் பெண்கள் எத்தனை பேர், எண்ணிப் பாருங்கள்" என்றாள். மொத்தம் 31 உருவங்கள் இருந்தன. பெண்கள் நால்வர். அன்றுதான் இவற்றைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

பில்லுண்ட் என்னும் சிற்றூரில் 1932-ஆம் ஆண்டு ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி, 1934-இல் 'லெகோ' என்று தம் தொழிலுக்குப் பெயரிட்டார். பின்னர் மரத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது. மேலே குமிழும் உள்ளே குழலும் கொண்டு ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இன்றைய கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கோரினார்கள். அன்று செய்த கட்டையும் இன்று வாங்கிய கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். வீட்டில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு எவர்சில்வர் டப்பாக்களின் மூடிகளே மாறிப் பொருந்துவதில்லை என்பதை நினைத்தால், இதன் அருமை விளங்கும்.

கட்டைகள் வந்து இருபது ஆண்டுகள் கழித்தே அவற்றில் குடியேற மனிதன் வந்தான். 1975-இல் செய்த முதல் உருவத்துக்குக் கையும் காலும் அசையவில்லை, முகமும் இல்லை. யென்ஸ் நீகார்ட் க்னுட்சென் என்ற வடிவமைப்பாளர் அதனைத் திருத்தி, 1978-இல் கை கால் அசையும் சிற்றுருவத்தை உருவாக்கினார். தலை ஒன்று, மார்பு ஒன்று, புயங்கள் இரண்டு, கைகள் இரண்டு, இடுப்பு ஒன்று, கால்கள் இரண்டு. ஆக ஒன்பது உறுப்புகள். தலைமுடியோ தொப்பியோ தனி. எந்த நாட்டவருக்கும் உரியதாகாதபடி தோலுக்கு மஞ்சள் நிறம். முகத்தில் இரண்டு புள்ளிகள், ஒரு வளைந்த கோடு. காவலருக்கும் மருத்துவருக்கும் விண்வெளி வீரருக்கும் அதே புன்னகைதான். 1989-இல் கடற்கொள்ளையர் வந்தபோதுதான் மீசையும் ஒற்றைக் கண்மறைப்பும் கோணல் சிரிப்பும் முளைத்தன.

இனி வீரர்களுக்கு வருவோம். ஸ்பைடர்மேன் 2002-இலும் பேட்மேன் 2006-இலும் இந்த வடிவில் வந்தார்கள். 2012 முதல் இருபெரும் அமெரிக்கச் சித்திரக்கதைக் குடும்பங்களின் வீரர்களும் வரிசையாக வெளிவரத் தொடங்கினர். இங்கே நீங்கள் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மலையைப் பெயர்க்கும் சூப்பர்மேனுக்கும் தெருவில் நிற்கும் தீயணைப்பு வீரனுக்கும் உடல் ஒரே அச்சில் வார்த்ததுதான். சூப்பர்மேனின் புயம் ஒரு மயிரிழையும் பருமன் அல்ல. மார்பின் தசைகள் எல்லாம் மேலே அச்சிட்ட கோடுகள். ஹல்க் போன்ற ஓரிரு பூதங்களுக்கு மட்டும் பெரிய தனி உடல் செய்தார்கள். மற்றவர்களின் வீரம் முழுவதும் மெல்லிய மைப் பூச்சிலும் ஒரு துண்டுத் துணியிலும் அடங்கியிருக்கிறது. ஆகவே மையையும் துணியையும் மாற்றத் தெரிந்தவள் வீரரையும் மாற்றலாம். இக்கலையின் அடிப்படை இதுவே.

முகத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் பார்ட்னெக் குழுவினர், 1975 முதல் 2010 வரை வெளிவந்த 3,655 சிற்றுருவங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் 628 வகைத் தலைகளைக் கண்டு, பலரிடம் காட்டி, முகக்குறிப்பை வகைப்படுத்தச் சொன்னார்கள். ஆய்வு 2013-இல் வெளிவந்தது. காலம் செல்லச் செல்ல மகிழ்ந்த முகங்களின் பங்கு குறைந்து, சினந்த முகங்கள் பெருகியிருந்தன. வீரர்களுக்குப் பல சமயம் இரண்டு முகங்கள் இருக்கும்: முன்னே ஒன்று, பின்னே ஒன்று. தலையைத் திருப்பினால் கோபம் போய்ச் சிரிப்பு வரும். என் தங்கை மகள் எல்லோருடைய தலையையும் சிரிப்புப் பக்கமே திருப்பி வைத்திருக்கிறாள். பேட்மேன் மட்டும் அதற்கு ஒத்துழைக்கவில்லையாம்.

பெண்கள் கணக்கையும் பார்ப்போம். 2012-இல் வொண்டர் வுமன் முதன்முதலாகச் சிற்றுருவமாக வந்த பெட்டியில் மூவரில் அவள் ஒருத்தி. அதே ஆண்டு பிளாக் விடோ வந்த விமானப் பெட்டியில் தோர், அயர்ன் மேன், லோகி, ஒரு வேற்றுக்கிரகப் படைவீரன் ஆகியோருடன் ஐவரில் அவள் ஒருத்தி. சிறுமியருக்கென்றே 2017-இல் ஒரு வீராங்கனை வரிசை வந்தது உண்மை. ஆனால் அதில் இருந்தவை மெலிந்த வேறுவகைப் பொம்மைகள். அவற்றின் இரு கால்களும் சேர்ந்தே மடங்கும், மணிக்கட்டு திரும்பாது. வீராங்கனைக்கு மணிக்கட்டு திரும்பாவிட்டால் எப்படி? அந்தப் பொம்மைகளின் தலைமுடி மட்டும் சிற்றுருவங்களின் தலைக்குச் சரியாகப் பொருந்தும். அதனால் பின்னலும் கொண்டையும் வேண்டுவோர் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

சேர்ப்பதில் ஒரு பித்தும் உண்டு. 2010 முதல் உள்ளே யார் என்று தெரியாத பைகளில் ஒவ்வோர் உருவமாக விற்றார்கள். கடையில் நின்று, புளியில் கொட்டை தேடுவது போலப் பையைத் தடவிப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கும் வல்லுநர்கள் உருவானார்கள். 2023 முதல் அட்டைப் பெட்டிகளுக்கு மாறத் தொடங்கியதால் விரலுக்கு வேலை போயிற்று. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடக்கும் சித்திரக்கதை விழாவில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் வழங்கப்பட்ட சில வீரர்கள், பிற்பாடு ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறியிருக்கிறார்கள். விலை ஏறும் இடத்தில் போலியும் ஏறும். தலையைக் கழற்றினால் கழுத்து முனையில் நிறுவனத்தின் பெயர் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி கொண்டு பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். எனக்குக் கேட்டால், 4 சென்டிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுப்பவரைவிட, கையிலிருக்கும் பத்து உருவங்களைப் புதிதாக ஆக்குபவர் பக்கமே என் வாக்கு.

அப்படி ஆக்கிய ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாயா வைன்ஸ்டாக் என்ற அமெரிக்க அறிவியல் எழுத்தாளர், விஞ்ஞானிகளைச் சிற்றுருவங்களாகச் செய்துவந்தவர். 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த நான்கு பெண்மணிகளைக் கறுப்பு அங்கியுடன் உருவாக்கி, வீரர்களின் 'நீதிக் கழகம்' என்ற பெயரையே சற்றுத் திருப்பி, 'சட்ட நீதிக் கழகம்' என்று பெயர் வைத்தார். அதைப் பெட்டியாக வெளியிடுமாறு நிறுவனத்துக்கு யோசனை அனுப்பினார். அரசியல் தொடர்புடையது என்று தள்ளிவிட்டார்கள். அவர் ஓயவில்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் பெண்களை 2016-இல் அனுப்பினார். 10,000 பேர் ஆதரவு தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அது கிடைத்தது. 2017 நவம்பரில் 231 துண்டுகள் கொண்ட பெட்டியாகக் கடைக்கு வந்தது. நான்சி ரோமன் ஹபிள் தொலைநோக்கியுடனும், சாலி ரைட், மே ஜெமிசன் இருவரும் விண்கலத்துடனும், மார்கரெட் ஹாமில்டன் தம் உயரத்துக்கு அடுக்கிய கணிப்பொறிக் கட்டளைத் தாள்களுடனும் அதில் நிற்கிறார்கள். அந்த அடுக்கு, நிலவுப் பயணத்துக்காக அவருடைய குழு எழுதியது.

நீங்களே செய்ய விரும்பினால், முதலில் எதையும் வெட்டாமல் பூசாமல் உறுப்புகளை மாற்றிப் பாருங்கள். உங்கள் தாத்தாவோ தந்தையோ 1972-இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவியைப் படித்திருப்பார். அவனைச் செய்ய ஒரு கோட்டு மார்பும் சாம்பல் நிறக் கை ஒன்றும் போதும். பழைய கையை மெல்லத் திருகி இழுத்துவிட்டுச் சாம்பல் கையைச் செருகுங்கள். மின்சாரம் பாய்ந்து அவன் மறைந்த நிலை வேண்டுமா? ஒரு பலகையில் மெல்லிய குச்சி நட்டு, அந்தக் கையை மட்டும் கவ்வ விடுங்கள். இதைவிட மலிவான வீரன் உலகில் இல்லை.

கை எளிதில் வரும் என்பதால் புயத்தையும் பிடுங்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன். மார்பின் சுவர் மெல்லியது. அக்குளின் கீழ் 'சடக்' என்று விரிசல் விட்டது. தங்கை மகள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இரண்டு நாள் நீடித்தது.

மார்பில் புதுக்கோலம் வேண்டுமானால், பழைய அச்சைப் பித்தளை விளக்குக்குப் போடும் பிராஸோவைத் துணியில் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்து அழிக்கலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் அசிட்டோன் இருக்கும். அது மையை விட்டுவிட்டு மார்பையே கரைக்கும், கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பிறகு மார்பைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரையுங்கள். கீழே அகன்று மேலே குறுகிய வடிவம் கிடைக்கும். அதற்குள் உடையை வரைந்து, நீரில் நனைத்தால் வழுக்கி ஒட்டும் தாளில் அச்சிட்டு, ஒட்டிக் காய்ந்ததும் மேலே நிறமற்ற வார்னிஷ் மெல்லியதாகப் பூசுங்கள். தூரிகையால் வரைபவர் அக்ரிலிக் வண்ணத்தை நீர்க்கப் பூசி, காயவிட்டு, மறுபடி பூச வேண்டும். ஒரே பூச்சில் தடித்தால் புயம் அசையும்போது உரிந்து வரும். மேலங்கிக்குப் பழைய வாயில் புடவையின் துண்டைக் கெட்டியாகக் கஞ்சி போட்டு உலர்த்தி, தேய்த்து, அதன் பிறகு வெட்டினால் நூல் பிரியாது. கழுத்து முனை நுழையும் அளவுக்கு ஒரு துளை போதும்.

இப்படி மாற்றியதை மூல உருவம் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். மாற்றியதன் காலின் உட்புறத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். பின்னால் பெட்டி யார் கைக்குப் போனாலும் அவர் ஏமாற மாட்டார். வெள்ளை உருவங்களை வெயிலில் வைத்தால் பழுத்துவிடும். கழுவ வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போதும். கொதிநீர் கூடாது.

தங்கை மகளின் பெட்டியில் இப்போது பெண்கள் ஒன்பது பேர். கடைசியாக வந்தவர் அவளுடைய பாட்டி, அதாவது என் அம்மா. கால்களுக்குப் பதில் சரிந்த பாவாடைக் கட்டை, மேலங்கிக்குப் பதில் கஞ்சி போட்ட முந்தானை. வீராங்கனைகளின் தலைகளில் எல்லாம் உதட்டுச் சாயம் இருந்ததால் எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் 1978-இன் பழைய தலை, இரண்டு புள்ளியும் ஒரு கோடும் உள்ளதே, சரியாக அமைந்தது. நரைத்த கொண்டைதான் அகப்படவில்லை. கறுப்புக் கொண்டையே வைத்திருக்கிறாள். அம்மா அதில் ஒரு குறையும் சொல்லவில்லை.