காரை மாற்றியமைப்பதா, காரையே மாற்றுவதா?

 

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து அலுவலகத்தில் கணக்கு நோட்டைத் திறந்தபோது ஒரு சகோதரர் வந்தார். வளைகுடாவில் வேலை, ஒன்றரை மாத விடுமுறை. கர்ளன் ஹஸனாவாக மூன்று லட்சம் வேண்டும் என்றார். "எதற்கு தம்பி?" என்று கேட்டேன். "கார் மாத்தணும் மாமா. அத்தாவால இப்ப இருக்குற வண்டில ஏறி இறங்க முடியல" என்றார்.

அவருடைய அத்தாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் சற்றே தளர்ந்துவிட்டது. வாரம் இருமுறை தஞ்சாவூர் மருத்துவக்கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். வீட்டில் இருப்பது 2017-இல் வாங்கிய சிறிய கார். தாழ்வான இருக்கை, காற்றுப்பை இல்லாத அடிப்படை மாடல். மகனின் எண்ணம் பத்தரை லட்ச ரூபாயில் உயரமான ஒரு எஸ்.யு.வி. மைத்துனரின் யோசனை வேறு: "எண்பதாயிரம் செலவு பண்ணி ஸ்பிரிங்கை ஏத்தி, பெரிய டயர் போட்டு, சீட்டை மாத்திட்டா இதுவே எஸ்.யு.வி. மாதிரி ஆயிடும்."

இதே கேள்வியோடு பல குடும்பங்கள் வந்து போவதால், அந்தத் தம்பியிடம் பேசியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாற்றியமைப்பது. நம் பகுதிக்கு இது புதிதல்ல. பெட்ரோல் அம்பாசிடரில் டீசல் இன்ஜினைப் பொருத்தி, பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு நாகூருக்கும் திருச்சிக்கும் ஓடிய வண்டிகளை நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பார்த்திருப்போம். அந்தக் காலம் முடிந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. இது வெறும் அலங்காரச் சட்டம்தானே என்று நினைத்தவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-இல் ஒரு கேரள வழக்கில் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியின் கட்டமைப்பை மாற்ற முடியாது என்பது தீர்ப்பு. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் மெக்கானிக்குக்கு அல்ல, ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு என்பதைக் கவனியுங்கள். பிள்ளை ஆசைப்பட்டு மாற்றுகிறான், ஆர்.சி.யில் இருப்பதோ அத்தாவின் பெயர்.

கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012 ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் தடுத்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி. நம் வீட்டுப் பெண்களின் பர்தாவுக்காக ஒட்டினோம் என்ற காரணம் செக்போஸ்ட்டில் செல்லாது. கம்பெனியிலேயே விதிக்குட்பட்ட நிறத்தோடு வரும் கண்ணாடியும், நிற்கும்போது மாட்டும் துணித்திரையும் போதும். முன்பம்பரில் மாட்டும் இரும்புக் கம்பியையும் நான் கடுமையாகவே சொல்வேன். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அதன் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின் வேகத்தை உணர்ந்துதான் காற்றுப்பை விரிகிறது. நடுவில் ஒரு கம்பி நின்றால் அந்தக் கணக்கு தவறிப்போகலாம். எதிரே வரும் நடைபயணியின் காலும் போகும். (ரமலான் இரவுகளில் சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தெருவை அதிரவைக்கும் நம் இளைஞர்களுக்கும் அந்த 182ஏ பொருந்தும். பெற்றோர்கள் வாசித்துக் காட்டுங்கள்.)

என் சொந்த அனுபவத்தையும் மறைக்க விரும்பவில்லை. பல வருடங்களுக்கு முன் என் காரில், விலை குறைவு என்பதற்காக, வெளிக் கடையில் கண்ணைக் கூசும் வெள்ளை விளக்குகளைப் போட்டேன். அந்தக் கடைக்காரர் கம்பெனி ஒயரை வெட்டி ஒட்டினார். ஒரு மழை இரவில் பாபநாசம் தாண்டியதும் டேஷ்போர்டிலிருந்து புகை. குழந்தைகளோடு இறங்கி ஓரமாக நின்றோம், அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காப்பீட்டு சர்வேயர் வெட்டிய ஒயரைப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதினார். பணம் வரவில்லை. நாலாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்தேன். அவர் எழுதியது நியாயம்தான் என்று இன்று படுகிறது.

அப்படியானால் எந்த மாற்றமும் கூடாதா? அப்படியல்ல. கேஸ் கிட் பொருத்தலாம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கிட், அங்கீகாரம் பெற்ற நிலையம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றப் பதிவு, காப்பீட்டில் தனிச் சேர்க்கை, இந்த நான்கும் வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதிக்கவும் வேண்டும். டிக்கியில் பாதி இடம் போய்விடும். ஊரிலிருந்து அரிசி மூட்டை ஏற்றுகிறவர்கள் இதை முதலில் யோசியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைக்கவும் அதே 52-ஆம் பிரிவில் வழி உண்டு. கை கொண்டு இயக்கும் பிரேக், ஆக்ஸிலரேட்டர் போன்றவற்றை முறைப்படி பொருத்தி ஆர்.சி.யில் பதிந்துகொள்ளலாம்.

இவற்றைவிட, யாரும் 'மாடிஃபிகேஷன்' என்று சொல்லாத செலவுகள்தான் பழைய காருக்கு உயிர் கொடுப்பவை. நல்ல டயர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், முகப்பு விளக்கின் கோணம், ரிவர்ஸ் கேமரா. இப்போது பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவை அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஆகவே சர்வீஸின்போது பெட்ரோல் ஹோஸ், ரப்பர் வாஷர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் உள்ளவர்கள் உப்புக் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலே பளபளப்பாக இருக்கும் வண்டியின் அடித்தகடு துருவில் பொரிந்திருக்கும். அறுவடை முடிந்து சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பும் மாதங்களில், தாழ இறக்கிய வண்டியின் அடியில் அந்தச் செடி சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் கருகுவதைப் பார்த்தவன் நான். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குகிறவர்களுக்கு நம் சாலைகளே பதில் சொல்லும்.

இனி புதிய காருக்கு மாறுவது. "மைலேஜ் மிச்சம் மாமா" என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் காரணம். தாளில் போட்டுப் பார்ப்போம். மாதம் 600 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி, லிட்டருக்கு 15 கொடுத்தால் 40 லிட்டர். புதிய வண்டி 20 கொடுத்தால் 30 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் மாதம் ரூ.1,000, வருடம் ரூ.12,000. கையிலிருந்து கூடுதலாகப் போடும் ஆறு லட்சத்தை மைலேஜில் திரும்ப எடுக்க 50 வருடம் ஆகும். நம் பேரப்பிள்ளைகள்தான் எடுப்பார்கள்.

அந்த ஆறு லட்சம் கடன் என்றால் நிலைமை இன்னும் மோசம். 9.5 சதவீதத்தில் ஏழு வருடம் என்றால் மாதத் தவணை சுமார் ரூ.9,800, மொத்தத்தில் வட்டி மட்டும் ஏறத்தாழ ரூ.2,24,000. வட்டி ஹராம் என்பதை ஹஜ்ரத்மார்கள் மிம்பரில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். அடுத்தது வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் 18 சதவீதம். தம்பி கேட்ட பத்தரை லட்ச வண்டிக்கு வரி மட்டும் ரூ.1,89,000. அதே வண்டியில் ஒரு படி குறைந்த மாடல் 9.9 லட்சத்துக்குக் கிடைத்தால் ரூ.1,28,700. சன்ரூஃப் வேண்டாம் என்று விட்டால் விலையிலும் வரியிலுமாக ஒன்றே கால் லட்சத்தை நெருங்கும் மிச்சம். புதிய காரின் மதிப்பு காப்பீட்டு அட்டவணைப்படி ஐந்து வருடத்தில் பாதியாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது உண்மை. அதனால் உங்கள் பழைய காரின் விலையும் சேர்ந்தே இறங்கியிருக்கும்.

"பழைய வண்டியை இனி ஓட்டவே விட மாட்டாங்க" என்று புரோக்கர்கள் பயமுறுத்துவதை நம்ப வேண்டாம். பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்ற கட்டுப்பாடு டெல்லிப் பகுதியைச் சேர்ந்தது. நம் மாநிலத்தில் 15 வருடம் ஆன காரை எஃப்.சி. காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். கட்டணம் ரூ.5,000, 20 வருடம் கடந்தால் ரூ.10,000, பசுமை வரி தனி.

புதிய காருக்கு மாற நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால், அது பழைய காரில் எந்தக் கடையிலும் பொருத்த முடியாத ஒன்றாக இருக்க வேண்டும். காற்றுப்பையைப் பிறகு மாட்ட முடியாது. ஏ.பி.எஸ். பிரேக்கும் அப்படித்தான். ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும், ஓட்டுநர் காற்றுப்பை 2019 ஜூலை முதலும் கட்டாயமானது. அதற்கு முந்தைய அடிப்படை மாடல்களில் இரண்டும் இல்லாமல் இருக்கலாம். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற மோதல் சோதனையும் நம் நாட்டிலேயே நடக்கிறது. வண்டி வாங்குமுன் நட்சத்திரம் எத்தனை என்று கேளுங்கள். குடும்பம் ஏழு பேராகி, ஐந்து இருக்கை வண்டியில் டிக்கியில் பலகை போட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்கும் நிலை வந்தாலும் மாறத்தான் வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தத் தம்பியிடம், "அத்தாவை ஷோரூமுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்துப் பார்த்தாயா?" என்று கேட்டேன். இல்லை. மகன்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறார். மறுநாள் அழைத்துப் போனார்கள். எஸ்.யு.வி.யின் தரை உயரத்துக்கு அவரால் தளர்ந்த காலைத் தூக்கவே முடியவில்லை. தாழ்ந்த காரில் எழ முடியாது, உயர்ந்த காரில் ஏற முடியாது. பத்தரை லட்சம் அந்த வாசலிலேயே மிச்சமானது. மைத்துனர் சொன்னபடி ஸ்பிரிங்கை ஏற்றியிருந்தாலும் இதே கதிதான்.

கடைசியில் பொருந்தியது கூரை உயர்ந்த ஒரு சிறிய கார். இடுப்பளவில் இருக்கை, தாழ்ந்த தரை. 2022 மாடல், இரண்டு காற்றுப்பை, ஏ.பி.எஸ். விலை ஐந்து லட்சம். பழைய கார் 2.4 லட்சத்துக்குப் போனது. மீதியில் 1.6 லட்சம் அவர் சேமிப்பு, ஒரு லட்சம் நம் டிரஸ்ட், மாதம் ஐயாயிரமாக இருபது தவணை. கமிட்டியில் ஒருவர் எதிர்த்தார். "இந்த ஒரு லட்சத்தில் இரண்டு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் கட்டலாமே?" என்றார். அந்தக் கேள்வி சரியானது. பணம் திரும்பி வரும், மருத்துவமனைப் பயணம் தள்ளிப்போட முடியாதது என்ற இரண்டையும் வைத்தே ஒப்புதல் கொடுத்தோம். சன்ரூஃபுக்கு என்று வந்திருந்தால் நானே எதிர்த்திருப்பேன்.

வாங்குமுன் மெக்கானிக்கை வைத்துப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்கள் மலிவு விலையில் எந்த ஊருக்கும் வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பாயைத் தூக்கிப் பாருங்கள். சேற்றுக்கோடு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பழைய காரை விற்பதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பணம் கைக்கு வந்ததும் 29, 30 படிவங்களில் வெற்றுக் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறோம். வண்டி கை மேல் கை மாறும், பெயர் மாறாது. 2018 பிப்ரவரி 6-இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்கில்தான், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கொடுத்தால், 2023 ஏப்ரல் முதல் வந்த விதிப்படி வண்டி அவர் பொறுப்பில் இருப்பதை ஆன்லைனில் பதிய முடியும். அந்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, க்ளெய்ம் இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டியவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் 50 சதவீதச் சலுகை வண்டிக்கு அல்ல, உங்களுக்கு உரியது. விற்கும்போது காப்பீட்டு நிறுவனத்தில் அதற்கான கடிதத்தை வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம்.

அந்தத் தம்பி பெயர் மாற்றம் முடியும் வரை பயணத்தை ஐந்து நாள் தள்ளிப் போட்டார். புதிய ஆர்.சி.யின் நகல் நம் கோப்பில் இருக்கிறது. போன வாரம் ஜும்ஆவுக்கு அவருடைய அத்தா அந்தக் காரில் வந்து, கைப்பிடியைப் பிடித்துத் தானாகவே இறங்கினார்.

படிவங்கள் நிரப்ப உதவி வேண்டுவோர் வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். ஆர்.சி., காப்பீட்டு நகல், ஆதார் மூன்றையும் கொண்டு வரவும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வர வேண்டாம்.