கிள்ளானிலிருந்து கோலா செபெத்தாங் வரை: மழையில் தனியாக, காரிலேயே படுத்துறங்கி

காருக்குப் பின்னால் கேரவனைக் கட்டி இழுத்துக்கொண்டு மழைக்காட்டோரம் தங்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “நம்ம ஊரில் இதெல்லாம் ஆகுமா?” என்று கேட்பவர்கள் அதிகம். தாராளமாக ஆகும். ஆனால் கேரவன் வேண்டாம். கம்பத்துச் சாலையில் அதைத் திருப்பவே இடம் இருக்காது. வாசலில் நிற்கும் அல்சாவோ அவான்சாவோ போதும். ஆள் கொஞ்சம் குட்டையென்றால் மைவி கூடப் போதும்.

தனியாகப் போய்வந்தவர்களின் புகார் அநேகமாக ஒன்றுதான்: ஓட்டியதில் சிரமமில்லை, தூங்கத்தான் முடியவில்லை. கண்ணாடியை இறக்கினால் மழையும் கொசுவும். ஏற்றினால் இட்லிக் குண்டானுக்குள் உட்கார்ந்த மாதிரி வேக்காடு. விடியற்காலை மூன்று மணிக்கு, பொறுக்க முடியாமல், இஞ்சினை முடுக்கி ஏர்கோனைப் போடக் கை நீளும். அப்படி நீளும் கை உயிருக்கே உலை வைக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் இரவைப் பற்றியதுதான்.

1. பாதை

கிள்ளானில் ஏறி ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடியுங்கள். காப்பார், கோலா சிலாங்கூர், செகிஞ்சான், சபாக் பெர்ணம், தெலுக் இந்தான், சித்தியவான், லூமுட். அங்கிருந்து செகாரி, பந்தாய் ரெமிஸ், துரோங் வழியாகத் தைப்பிங். பிறகு மேற்கே திரும்பினால் கோலா செபெத்தாங். மொத்தம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் அரை நாள்கூட ஆகாது. இந்தச் சாலையில் மூன்று பகல், இரண்டு இரவு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைத்தால் எதையும் பார்த்ததாகாது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து வருகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் கிள்ளானைத் தாண்டிவிட வேண்டும். தெங்கு கிளானா சாலையில் தோசை சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தால், அந்தத் தோசை ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

2. காலம்

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குக்கரையை வாட்டும்போது, மேற்குக்கரையில் பெரும்பாலும் சமாளிக்கலாம். இங்கே மழை வலுப்பது பருவக்காற்று மாறும் மாதங்களில்: ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர். அப்போது இடிமழை பிற்பகலில் வரும். ஆகவே காலையில் ஓட்டுங்கள், நான்கு மணிக்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை கதை வேறு. மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ராச் சூறைக்காற்று விடிவதற்குச் சற்று முன்னால், நீங்கள் அசந்து தூங்கும் நேரத்தில் அடிக்கும். நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

3. கிளம்பும் முன்

டயர், வைப்பர், பிரேக் பற்றி உங்களுக்கே தெரியும். காப்புறுதியை மட்டும் எடுத்துப் பாருங்கள். முழுமையான காப்புறுதி இருந்தாலும், ‘ஸ்பெஷல் பெரில்ஸ்’ தனியாகச் சேர்க்காவிட்டால் வெள்ளச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் மூழ்கிய கார்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கைப்பேசியில் வானிலைத் துறையின் ‘மைச்சுவாச்சா’ செயலி இருக்கட்டும். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘பப்ளிக் இன்போ பஞ்சிர்’ தளத்தில் ஆற்று நீர்மட்டமும் தெரியும். வீட்டில் ஒருவருக்கு, ஒவ்வொரு நாளும் இருட்டும் முன், நிறுத்திய இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். “எங்கேயாவது படுப்பேன்மா” என்று சொல்லிவிட்டுப் போவது வீரம் இல்லை.

4. சாலையில்

பலத்த மழையில் முன்விளக்கைப் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், இடைவெளி விடுங்கள். டபுள் சிக்னலைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். நீங்கள் ஓடுகிறீர்களா நிற்கிறீர்களா, எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. சாலையில் நீர் ஓடுகிறதென்றால் அதன் ஆழத்தை உங்கள் காரை விட்டு அளக்க வேண்டாம். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. அவ்வளவுதான்.

5. நிறுத்தும் இடம்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். படம் பிடிக்க அழகாக இருக்கும் இடத்தில் போய்ப் படுக்கிறார்கள். அழகான இடத்தில் மாலைத் தேநீர் குடியுங்கள். படுக்கைக்கு வேறு இடம்.

முதலில் கடல். இந்தக் கரையில் பெரும்பாலும் சேறும் அலையாத்திக் காடும்தான். கடலுக்கும் வயலுக்கும் நடுவே பல இடங்களில் இருப்பது ஒரு மண்கரை மட்டுமே. கிள்ளான் துறைமுகத்தில் பெரிய கடல் பெருக்கு ஐந்து மீட்டரைத் தாண்டும். வீட்டில் நாட்காட்டி தொங்குகிறதல்லவா? அமாவாசை, பௌர்ணமி, அவற்றை ஒட்டிய இரண்டு மூன்று நாட்கள்: இந்த இரவுகளில் ஆற்று முகத்துவாரத்திலும் மண்கரை ஓரத்திலும் வண்டி நிற்கக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோலா சிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க நிலா இல்லாத இரவுதான் நல்லது. சிலாங்கூர் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் அவை ஒன்றாக மினுக்குவதை அமாவாசை இருட்டில்தான் முழுசாகப் பார்க்கலாம். கடல் பெருக்கின் உச்சமும் அதே நாட்களில்தான். வழி எளிது: படகில் போய்ப் பாருங்கள், பிறகு பட்டணத்துக்குத் திரும்பி புக்கிட் மெலாவத்தி பக்கம் மேடான, வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்துங்கள். மழை பலத்தால் படகு விடமாட்டார்கள். அன்றைக்கு மீன்கறியோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது மரம். தென்னைக்கு அடியில் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கடற்கரைச் சவுக்கும் சூறைக்காற்றில் கிளை ஒடியும். நிழல் பகலில்தான் தேவை, இரவில் இல்லை.

மூன்றாவது தரை. தாரோ சரளைக்கல்லோ இருக்கட்டும். மழையில் புல்தரை கெட்டியாகத் தெரியும். காலையில் சக்கரம் சுழலும், வண்டி நகராது. தனியாகப் போனவருக்குத் தள்ள ஆள் ஏது? புல்லில்தான் நிறுத்தியாக வேண்டுமென்றால், இழுக்கும் சக்கரங்கள் தாரில் நிற்கட்டும். மைவியும் அல்சாவும் முன்சக்கரத்தில் இழுப்பவை, ஆகவே பின்பக்கமாக உள்ளே விடுங்கள். பழைய அவான்சா பின்சக்கரத்தில் இழுப்பது. அதை முன்பக்கமாக விடுங்கள். புதியதும் முன்சக்கரம்தான்.

நான்காவது காற்று. சூறை மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வரும். தரை இடம் கொடுத்தால் வண்டியின் மூக்கைக் கடலைப் பார்த்து வையுங்கள். மழை முன்கண்ணாடியில் மோதும், பின்கதவுக் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம்.

ஐந்தாவது ஆள். சோதித்துப் பார்த்த குறுக்குவழி இது: பக்கத்துக் கடையில் ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு, “அண்ணே, ராத்திரி இங்க வண்டி போட்டா பிரச்சினை இருக்குமா?” என்று கேட்பது. கூகுள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். மீன்பிடித் துறை ஒன்றில் ஜாகா வேலை பார்க்கும் பெரியவர் கையால் காட்டியே சொன்னார்: “அங்க போடாத தம்பி. ரெண்டு மணிக்குத் தண்ணி இந்தக் கல்லு வரைக்கும் ஏறும். காடியத் திருப்பி மேட்டுல போடு.” கல்லின் பாதிவரை பாசி படிந்திருந்தது. அந்தப் பாசிக் கோட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் கேட்க ஆள் இல்லாத இடத்திலும் உதவும்.

எதுவும் அமையவில்லையா? இரவு முழுக்கத் திறந்திருக்கும் பெட்ரோல் நிலையத்தில் அனுமதி கேட்டு நிறுத்துங்கள். கழிப்பறை, வெளிச்சம், ஆள் நடமாட்டம் மூன்றும் கிடைக்கும். தனியாகப் போகும் பெண்களுக்கு முதல் இரவு அதையே சொல்வேன். லூமுட் பக்கம் தெலுக் பாத்தேக், தெலுக் செனாங்கின் கடற்கரைகளில் கூடாரம் போடுவோர் இருப்பார்கள்; அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நிறுத்துங்கள், நடுக்காட்டில் வேண்டாம்.

6. தூக்கம்

முதல் விதிக்கு விலக்கே கிடையாது: இஞ்சின் ஓடும் வண்டிக்குள் தூங்கக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகைக்குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும், பின்னால் சுவரோ உயர்ந்த புல்லோ இருந்தாலும் அது உள்ளே வரும். தூங்குகிறவர் இருமி எழுந்திருக்க மாட்டார், எழுந்திருக்கவே மாட்டார். நம் நாட்டிலேயே இப்படி இறந்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். கேஸ் அடுப்பு, கரி அடுப்பு, கொசுவத்தி மூன்றும் இதே கணக்கில் சேரும். காருக்குள் எதையும் பற்றவைக்காதீர்கள்.

ஏர்கோன் இல்லாமல் எப்படித் தூங்குவது? காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வேண்டும்.

கதவுக் கண்ணாடிகளுக்கு மேலே டோர் வைசர் போட்டுக்கொள்ளுங்கள். அது இருந்தால் அடைமழையிலும் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கலாம். எதிரெதிர் மூலையில் இரண்டு கண்ணாடிகள்: முன்னால் இடது என்றால் பின்னால் வலது. கதவுக்கு மேலிருந்து உறைபோல மாட்டும் கொசுவலை கடைகளில் கிடைக்கும். பலர் அதன் கீழ் ஓரத்தை நேர்த்தியாகக் காருக்குள் சொருகிவிடுகிறார்கள். மழைநீர் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கி, காலையில் இருக்கையை நனைத்திருக்கும். கீழ் ஓரத்தை வெளியே தொங்கவிடுங்கள், நீர் அங்கேயே சொட்டிப் போகும். காலையில் குரங்கு வருவதற்குள் கழற்றியும் விடுங்கள்.

கொசுவை வலை நிறுத்தும், அகாஸை நிறுத்தாது. அலையாத்திக் காட்டோரம் மாலையில் கிளம்பும் இந்தப் பொடிப்பூச்சி சாதாரண வலையின் கண் வழியாக நுழைந்துவிடும். ஆனால் அதற்குக் காற்றில் பறக்கத் தெம்பு கிடையாது. பவர் பேங்கில் ஓடும் சின்ன விசிறி ஒன்றை உடம்பின் மேல் வீசவிட்டால் கிட்ட வராது. இன்னொரு விசிறியைப் பின்கண்ணாடி இடைவெளியில், வெளியே பார்த்து வையுங்கள். உள்ளே உள்ள ஈரக்காற்றைத் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. விசிறியைக் கார் பேட்டரியில் ஓட்டாதீர்கள், காலையில் வண்டி கிளம்பாது.

அடுத்தது ஈரம். காலையில் கண்ணாடி முழுக்க வியர்த்திருப்பது உங்கள் மூச்சினால் மட்டுமல்ல, நீங்கள் உள்ளே கொண்டுவந்த ஈரச்சட்டையினாலும்தான். காரை இரண்டாகப் பிரியுங்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து முன்இருக்கை ஈரப்பகுதி: குடை, செருப்பு, நனைந்த துணி எல்லாம் ஒரு மூடிபோட்ட வாளிக்குள். பின்பகுதி காய்ந்த பகுதி: அங்கே போகும் முன் உடம்பைத் துடைத்து, கைலி மாற்றியாக வேண்டும். மழை கொட்டும்போது இதைச் செய்ய முடியாது, மழைக்கு முன்பே செய்துவிடுங்கள். கனமான போர்வை வேண்டாம், கைலி ஒன்றே போதும். மெத்தையைக் காலையில் தூக்கி நிறுத்துங்கள். அடியில் ஈரம் கோத்திருக்கும். விட்டால் இரண்டாம் நாளே நாற்றம் எடுக்கும்.

கடைசியாக, ஓட்டுநர் இருக்கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். சாவி இரவெல்லாம் ஒரே இடத்தில். நடுராத்திரியில் தண்ணீர் ஏறினாலோ, யாராவது கதவைத் தட்டினாலோ, கீழே இறங்காமலே முன்னால் போய் வண்டியை எடுக்க முடிய வேண்டும். அவசரத்துக்கு 999.

7. மழை நிற்காத பகல்

சும்மா கண்ணாடிக்குள் உட்காராதீர்கள். தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தை நின்று பாருங்கள். ஆனால் மழைநாளுக்கென்றே அமைந்த இடம் கோலா செபெத்தாங் கரிச்சூளைகள்தான். சுற்றியுள்ள மாத்தாங் அலையாத்திக் காடு சுமார் 40,000 ஹெக்டேர். நூறாண்டுக்கும் மேலாக வனத்துறை இதை 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டுவதும் மறுபடி வளர்ப்பதுமாகப் பராமரிக்கிறது. வெட்டிய பாக்காவ் மரம்தான் சூளைக்குப் போகிறது. பெரிய கொட்டகைக்குள் செங்கல் குவிமாடங்கள், வெளியே மழை எவ்வளவு கொட்டினாலும் உள்ளே வேலை நடக்கும். துளையிலிருந்து வரும் புகையின் சூட்டையும் மணத்தையும் வைத்தே உள்ளே கரி ஆகிவிட்டதா என்று சொல்லிவிடுவார்கள். கோலா செபெத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் வந்தது. பார்த்துவிட்டு மீ ஊடாங் சாப்பிடுங்கள்.

8. முதல் பயணம்

இதையெல்லாம் படித்துவிட்டு நேரே தைப்பிங்குக்குக் கிளம்பாதீர்கள். முதலில் ஒரே ஒரு இரவு, கோலா சிலாங்கூரில். கிள்ளானிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்தான். தூக்கம் வரவில்லையென்றால் நள்ளிரவிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. மறுநாள் வண்டியின் அடிப்பகுதியில் உப்புச்சேறு போகத் தண்ணீர் அடித்துக் கழுவி, மெத்தையை வெயிலில் போட்டு, எது தேவைப்படவில்லை என்று பாருங்கள். அதில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டு அடுத்த முறை வடக்கே போங்கள். தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் பட்டணம் தைப்பிங். அவசரப்படவே வேண்டாம், நீங்கள் போகும்போதும் மழை இருக்கும்.