இயற்கைப் போக்கு என்பது யாது?

தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவது இயற்கை என்கிறோம். அறுவடைக் காலத்தில் நெல் விலை இறங்குவதையும் குடியானவர்கள் அதே சொல்லாலேயே குறிக்கின்றனர். இவ்விரண்டும் ஒரு தன்மையனவா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பொருளாதார சாஸ்திரத்தில் இச்சொல்லுக்குப் பெருவழக்கு உண்டாக்கியவர்களுள் முக்கியமானவர் ஆடம் ஸ்மித். சந்தை விலை எவ்வளவு ஏறி இறங்கினும், குத்தகை, கூலி, லாபம் ஆகியவற்றின் வழக்கமான அளவால் அமையும் ‘இயற்கை விலை’யை நோக்கியே அது இழுக்கப்படுகிறது என்று 1776-ம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அவர் விளக்கினார். எப்பொழுதும் அங்கேயே நிற்கும் என்று அவர் கூறவில்லை. தனியுரிமை முதலிய தடைகளையும் எடுத்துக் காட்டினார். பேச்சு வழக்கிலோ ‘இயற்கை’ என்றவுடன் மாற்றலாகாதது, நியாயமானது என்னும் பொருள்களும் கூடவே நுழைந்துவிடுகின்றன.

இம்மயக்கத்தின் கேட்டிற்கு 1876-78-ம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சம் சாட்சி. விலை உயர்ந்த இடத்திற்குத் தானியம் தானே வந்து சேரும், வர்த்தகத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்பது வைஸிராய் லிட்டன் பிரபுவின் கொள்கை. சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் ரகசியமாகத் தானியம் கொள்முதல் செய்ததை இந்திய சர்க்கார் ஒப்பவில்லை. ரயில் வழியே தானியம் வரத்தான் செய்தது. ஆனால் மழை பொய்த்து வயல் வேலை நின்றபோதே கூலிக்காரனின் வரும்படியும் நின்றுவிட்டது. வாங்குவதற்கு அவனிடம் காசேது? நிவாரண வேலையிலும், ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் சொற்பக் காசுமே போதுமென்று 1877-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஸர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வன்மையாக எதிர்த்த பின்னர், அவ்வாண்டிலேயே அது உயர்த்தப்பட்டது. அக்காலத்திலும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நின்றபாடில்லை. பணமிருந்த திசையே தானியத்திற்குப் பள்ளமாயிற்று. 1943-ம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், வாங்கும் திறன் அற்றுப்போவதே பட்டினிக்குக் காரணமாகலாம் என்பதை 1981-ல் விரிவாக நிறுவினார்.

இனி அறுவடை விலைக்கு வருவோம். நெல் தானாகச் சந்தைக்கு நடந்து செல்வதில்லையே! கிஸ்தியும் கடன் தவணையும் ஒருசேர நெருக்கியதால் எல்லோரும் ஒரே மாதத்தில் விற்றனர், விலை விழுந்தது. கூட்டுறவு விற்பனைச் சங்கக் கிடங்கில் நெல்லை வைத்து, அதன்பேரில் முன்பணம் பெற்றவர் சில மாதங்கள் பொறுத்து விற்க இயன்றது. இதிலும் கணக்கு வேண்டும். முன்பணத்திற்கு வட்டி, கிடங்கு வாடகை, நெல் உலர்வதால் குறையும் எடை ஆகிய மூன்றையும் கழித்த பின்னரும் மிச்சம் நிற்குமானால் மட்டுமே காத்திருப்பது தகும்.