ஊர்க் கொல்லர் செய்த காட்டுக் கத்தி

காட்டில் தங்கப் போகிறவர்கள் விரும்பும் மடக்காத கத்திகளில் ஸ்வீடனின் மோரா கத்திக்குத் தனிப் பெயர் உண்டு. நானும் அதில்தான் பழகினேன். என் கைக்கு அடங்குகிற கத்தி வேண்டுமென்று தோன்றியபோது எங்கள் ஊர்க் கொல்லரிடம் போனேன். கத்தியைப் பேணுவது சுலபமா, தொல்லையா என்பது செய்யச் சொல்லும்போதே முடிவாகிவிடுகிறது என்பதை அந்தப் பட்டறையில்தான் புரிந்துகொண்டேன்.

லாரி ஸ்பிரிங் பட்டைதான் எடுத்தோம். உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் இறுகும். பிறகு அளவான சூட்டில் பதம் போட்டால், விறகு பிளக்க முதுகில் தட்டினாலும் உடையாது. ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். ஆகவே புதுப் பட்டையில் வெட்டிய துண்டாகக் கேளுங்கள்.

நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர், கனம் 4 மில்லிமீட்டர் போதும். இரும்பு பிடியின் கடைசி வரை ஓட வேண்டும். முதுகின் ஓரத்தை உருட்டாமல் செங்கோணமாக விடச் சொல்லுங்கள். தீக்கோலை உரசிப் பொறி எழுப்ப அதுதான் உதவும். எல்லாவற்றையும்விட முக்கியம் வாய். மோராவில் உள்ளதுபோல் இருபுறமும் ஒரே தட்டையான சரிவாக இழைக்க வேண்டும். அந்தச் சரிவைக் கல்லில் அப்படியே படிய வைத்துத் தேய்த்தால் கோணம் தானாக அமையும். புதிதாகப் பழகுகிறவருக்கும் கை தடுமாறாது.

நான் 1000 எண் கல்லில், தண்ணீர் விட்டுத் தேய்க்கிறேன். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். அது முழு நீளத்துக்கும் எழுந்த பிறகே பக்கம் மாற்றுவேன். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில், முதுகுப் பக்கமாக இழுத்தால் பிசிறு போய்விடும். விளக்கொளியில் வாயைப் பாருங்கள்: மழுங்கிய இடம் மட்டும் மின்னும்.

இந்த எஃகு துருப்பிடிக்கும். எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் சாம்பல் நிறக் கறை படியும். அதைத் தேய்த்துப் போக்க வேண்டாம், அது கத்திக்கு ஓரளவு காப்பு. செந்துருவைத்தான் உடனே எடுக்க வேண்டும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் மெல்லப் பூசினால் போதும். சமையலுக்கும் எடுக்கிற கத்திக்கு இயந்திர எண்ணெய் கூடாது. தோல் உறை பயணத்துக்கு மட்டுமே. தோல் ஈரத்தைப் பிடித்து வைப்பதால், வீட்டில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைக்கிறேன்.

பிடிக்குப் புளிய மரத்து வைரம். ஆண்டுக்கு ஒருமுறை ஆளி விதை எண்ணெய் தடவுகிறேன். தடவிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே தீப்பற்றக்கூடும்; விரித்துக் காயவிடுங்கள்.

வாய் மழுங்கியதும் மின் சாணையில் கொடுத்துவிடாதீர்கள். பொறி பறக்கும் அந்தச் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் கொல்லர் போட்ட பதம் அந்த இடத்தில் போய்விடும். மறுபடி உலைக்குப் போகாமல் அது திரும்பாது.