நண்டின் இளமையும் நுண்பாசி உணவும்

நெய்தல் நிலத்து மகளிர் அலவன் ஆட்டி மகிழ்ந்த செய்தியைச் சங்க இலக்கியம் பலவிடங்களில் பேசுகின்றது. கரையில் ஓடி வளையுள் மறையும் நண்டினை நாம் நன்கு அறிவோம். அது நண்டாவதற்கு முன் நீரில் மிதந்து கழிக்கும் சில கிழமைகளையோ நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நண்டு வளர்ப்பின் வெற்றியும் தோல்வியும் அக்கிழமைகளிலேயே அடங்கியுள்ளன.

களி நண்டினை எடுத்துக்கொள்வோம். கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் வாழும் இதன் பெண், சினை முற்றியதும் கடலை நாடிச் செல்லும். வயிற்று மடலின் கீழ்ப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமக்க வல்லது. பொரிந்து வெளிவரும் இளவுயிரி (ஈழத்துப் பாடநூல்கள் இதனைக் குடம்பி என்னும் அழகிய சொல்லால் வழங்கும்) நண்டின் சாயல் சிறிதும் இல்லாதது. சோயியா எனப்படும் அப்பருவம் ஐந்து முறை தோலுரித்து மெகலோப்பாவாகும். மெகலோப்பாவே பின்னர் நண்டுக் குஞ்சாகும். இலட்சக்கணக்கில் பொரிந்தாலும் குஞ்சாக எஞ்சுவன மிகச் சிலவே. ஆகவே பல நாடுகளில் பண்ணையாளர் இன்றும் அலையாத்திக் காடுகளில் குஞ்சுகளைப் பிடித்தே வளர்க்கின்றனர். இந்நிலை நீடித்தால் காடும் வறிதாகும், பண்ணையும் வறிதாகும். சீர்காழியை அடுத்த தொடுவாயில் களி நண்டுப் பொரிப்பகம் நிறுவப்பட்டதன் தேவை இதனால் விளங்கும்.

பொரிப்பகத்தில் இளவுயிரிக்கு என்ன உணவு? இறால் வளர்ப்பில் பழகியவர் உடனே நுண்பாசி என்பர். இறாலின் இளம் பருவம் கீட்டோசெரஸ் முதலிய பாசிகளை நீரிலிருந்து வடித்து உண்பது உண்மையே. ஆனால் நண்டின் சோயியா இரை பிடித்துண்ணும் இயல்பினது. பாசியை மட்டும் அளித்தால் அது வளராது. இங்கேதான் பலர் இடறுகின்றனர். பாசி வேண்டும், ஆயினும் அது மற்றோர் உயிரின் வயிற்றின் வழியே சென்று சேர வேண்டும்.

அவ்வுயிர் ரோட்டிஃபர். கண்ணுக்குப் புள்ளியெனவும் தோன்றாத சிறு விலங்கு. தலையிலுள்ள மயிர்களைச் சுழற்றி நீரை இழுத்து, அதிலுள்ள பாசியை விழுங்கும். நானோகுளோராப்சிஸ் என்னும் பாசி இதற்கு உகந்தது. அதன் உயிரணு 2 முதல் 4 மைக்ரான் அளவே. இப்பாசியில் ஈ.பி.ஏ. என்னும் கொழுப்பு அமிலம் மிகுதி. ஐசோகிரைசிஸ் என்னும் பாசியிலோ டி.எச்.ஏ. உண்டு. இவ்விரண்டையும் நண்டு தன் உடலில் போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாது. ஈஸ்ட்டை மட்டும் உண்டு பெருகிய ரோட்டிஃபர் எண்ணிக்கையில் குறையாது, சத்திலோ வெறுங்கூடை. பாசி உண்ட ரோட்டிஃபரும் சில மணிநேரம் பட்டினி கிடந்தால் அக்கூடையேயாகும். எனவேதான் இளவுயிரித் தொட்டியிலும் பாசியை ஊற்றி நீரைப் பசுமையாக வைக்கின்றனர். அப்பசுமை பகலில் அம்மோனியாவை உறிஞ்சி நீரையும் காக்கும். இரவிலோ உயிர்வளியைத் தானும் நுகரும். ஆதலால் காற்றூட்டம் ஒரு கணமும் நிற்றலாகாது.

அவ்வாறாயின் பாசியை வேண்டுமட்டும் ஊற்றலாமோ? ஆகாது. ஜப்பானிய ஆய்வாளர் கண்ட செய்தி ஈண்டு நோக்கத்தக்கது. கொழுப்பு அமிலம் குறைந்தால் சோயியா மெலிந்து மடிகின்றது. மிகுந்தாலோ உடல் உரிய காலத்திற்கு முன் முதிர்கின்றது. ஐந்தாம் பருவத்திலேயே கொடுக்கு பெருத்துவிட, தோலுரிக்கும் வேளையில் பழைய ஓட்டிலிருந்து அதனை விடுவிக்க இயலாமல் இறக்கின்றது. நன்கு கொழுத்த இளவுயிரிகள் ஒரே இரவில் மடிவதைக் காணும் வளர்ப்பாளர் நோயென்றே எண்ணுவர். அளவு மிஞ்சிய உணவு ஐயத்திற்கு எளிதில் இடமாவதில்லை.

ஆகவே கணக்கு இன்றியமையாதது. இரத்த அணுக்களை எண்ணும் கண்ணாடித் தகட்டினையே பாசி எண்ணவும் கையாளுகின்றனர். சோதனைக் குழாயில் தூய வித்தாகத் தொடங்கிக் குடுவை, பெருங்குடுவை, தொட்டி எனப் பாசி படிப்படியாகப் பெருக்கப்படும். வேற்றுயிர் ஒன்று புகுந்தால் மீண்டும் சோதனைக் குழாய்க்கே திரும்ப வேண்டும். இவ்வுழைப்பினைக் கருதியே பலர் பாசிப் பிரிவைப் புறக்கணிக்கின்றனர். நம் கருத்தில் பொரிப்பகத்தின் அடுக்களை அதுவே.

சோயியா சற்று வளர்ந்ததும் ஆர்ட்டீமியாவின் இளவுயிரி இரையாகச் சேரும். மெகலோப்பாவுக்குக் கொடுக்கு வந்துவிடும். அது முதலில் பற்றுவது உடன்பிறப்பையே. அப்போது நெருக்கத்தைக் குறைத்து, ஒளிந்துகொள்ள வலைத்துண்டுகளைத் தொட்டியில் தொங்கவிடுகின்றனர்.