அலகு: முறைமைப் பராமரிப்பு – வழுக்களைப் பதிவு செய்யும் மென்பொருளும் அதன் அமைப்புக் கோப்பும்



முறைமை அபிவிருத்தி வாழ்க்கை வட்டத்தின் படிமுறைகளை எழுதச் சொன்னால் நீங்கள் வரிசை தவறாமல் எழுதுவீர்கள். ஆனால் "பராமரிப்பு என்றால் என்ன?" என்று கேட்டால் பலர் "பழுது பார்த்தல்" என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திவிடுகிறீர்கள். இவ்வாறு எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. பழுதை யார் கண்டார், யாரிடம் சொன்னார், யார் திருத்தினார், திருந்தியதை யார் உறுதி செய்தார் என்பன எல்லாம் பராமரிப்பில் அடங்கும். இப்பாடத்தில் அதை ஒரு மென்பொருளின் துணையோடு பார்ப்போம்.

1. ரிக்கெற் என்றால் என்ன?

அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் முதலில் ஓர் இலக்கத் துண்டு தருவார்கள். அந்த இலக்கத்தால்தான் நீங்கள் அடையாளம் காணப்படுவீர்கள். இவ்வாறே மென்பொருளில் காணப்படும் ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அதன் நிலையை இறுதிவரை பதிவு செய்யும் ஆவணம் ரிக்கெற் எனப்படும். இவற்றை முகாமை செய்யும் மென்பொருள், வழுத் தடமறி மென்பொருள் ஆகும்.

உதாரணம்: ட்ராக். இது பைதன் மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள். 2004 இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. வேர்ட்பிரஸ், ஜாங்கோ ஆகிய புகழ்பெற்ற திட்டங்கள் தமது வழுக்களை ட்ராக்கில் பதிவு செய்கின்றன.

2. அமைப்புக் கோப்பு

ஒரு மென்பொருள் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதை, அதன் குறிமுறையை மாற்றாமலே தெரிவிக்கும் கோப்பு அமைப்புக் கோப்பு எனப்படும். ட்ராக்கில் இதன் பெயர் ட்ராக்.ஐஎன்ஐ. இது திட்டத்தின் கோப்புறையினுள் கொன்ஃப் என்னும் உபகோப்புறையில் இருக்கும். சாதாரண உரைக் கோப்பு என்பதால் நோட்பேட் போன்ற செயலியாலும் திறக்கலாம்.

அதன் இலக்கணம் மூன்றே விதிகள்:

(அ) சதுர அடைப்புக்குள் வருவது பகுதியின் பெயர்.
(ஆ) அதன் கீழ் ஒவ்வொரு வரியிலும் "பெயர் = பெறுமானம்" என எழுதப்படும்.
(இ) # எனத் தொடங்கும் வரி குறிப்புரை. மென்பொருள் அதைக் கவனிக்காது.

உண்மையான கோப்பில் கட்டளைப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் தந்துள்ளேன்.

[புரொஜெக்ற்]
நேம் = பாடசாலை நூலகம்

[ரிக்கெற்]
டிஃபோல்ற்_டைப் = டிஃபெக்ற்
டிஃபோல்ற்_பிரையோரிட்டி = மேஜர்

[நோட்டிஃபிகேஷன்]
# மின்னஞ்சல் அனுப்புக
எஸ்எம்ரிபி_எனேபிள்ட் = ட்ரூ
எஸ்எம்ரிபி_போர்ட் = 25

இரண்டாம் பகுதியைக் கவனியுங்கள். பயனர் எதையும் தெரிவு செய்யாவிட்டால், புதிய ரிக்கெற் "குறைபாடு" என்ற வகையையும் "முக்கியமானது" என்ற முன்னுரிமையையும் தானாகவே பெறும். இதுவே இயல்புநிலைப் பெறுமானம். தெரிவு செய்யக்கூடிய வகைகளின் முழுப் பட்டியல் இக்கோப்பில் இல்லை, அது தரவுத்தளத்தில் உள்ளது.

மூன்றாம் பகுதி மிக முக்கியமானது. மின்னஞ்சல் அறிவித்தல் ஆரம்பத்தில் நிறுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். அதை நாம் "ட்ரூ" என மாற்றாவிட்டால் ரிக்கெற் பதிவாகும், ஆனால் மின்னஞ்சல் எவருக்கும் போகாது. முறையிட்டவர் பதிலுக்குக் காத்திருப்பார். திருத்த வேண்டியவருக்கோ முறைப்பாடு வந்ததே தெரியாது. ஒரு சொல்லால் வரும் வினை இது.

3. புதிய புலம் ஒன்றைச் சேர்த்தல்

பழுது எந்த இடத்தில் ஏற்பட்டது என்று கேட்க விரும்பினால்:

[ரிக்கெற்-கஸ்டம்]
பிளேஸ் = செலெக்ற்
பிளேஸ்.லேபிள் = இடம்
பிளேஸ்.ஒப்ஷன்ஸ் = நூலகம்|அலுவலகம்|கணினி அறை

தெரிவுகள் நிலைக்குத்துக் கோட்டினால் பிரிக்கப்பட்டுள்ளன. கோப்பை யூரிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்தால் "இடம்" என்ற தமிழ்ச் சொல் திரையிலும் தமிழிலேயே தோன்றும். ஒரு நிரல்வரி கூட எழுதாமல் படிவத்தில் ஒரு புலம் சேர்ந்துவிட்டது!

4. ரிக்கெற்றின் பயணம்

ஓர் உதாரணத்தை எடுப்போம். ஒரு பாடசாலை நூலகத்தில் புத்தகத்தை 14 நாட்கள் வைத்திருக்கலாம். மாணவர் செய்த நிகழ்ச்சித்திட்டத்தில் "நாட்கள் >= 14 எனின் தண்டம்" என எழுதப்பட்டுவிட்டது. சரியான நிபந்தனை "நாட்கள் > 14" என்பதாகும். பதினான்காம் நாளே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த ஆறாந்தரப் பிள்ளை, குற்றமின்றித் தண்டம் கட்ட வேண்டியதாயிற்று. நூலகர் ரிக்கெற் பதிந்தார். நிரலாளர் ஒரு பக்கத்தில் மட்டும் திருத்தினார். பற்றுச்சீட்டு அச்சிடும் பக்கத்தில் பழைய நிபந்தனையே இருந்தது. ஆனாலும் அவரே ரிக்கெற்றை "முடிந்தது" என மூடிவிட்டார். அடுத்த வாரம் இன்னொரு பிள்ளை தண்டம் கட்டியது.

இங்கே தவறு நிரலாளரிடம் மட்டுமா? இல்லை. திருத்தியவரே மூடலாம் என்று அனுமதித்த அமைப்பிலும் தவறுண்டு. அதை ட்ராக்கின் செயலோட்டப் பகுதியில் மாற்றலாம்:

[ரிக்கெற்-வேர்க்ஃப்ளோ]
எக்செப்ற் = நியூ,ரீஓபன்ட் -> எக்செப்டட்
ஃபிக்ஸ் = எக்செப்டட் -> டெஸ்டிங்
பாஸ் = டெஸ்டிங் -> குளோஸ்ட்
பாஸ்.பெர்மிஷன்ஸ் = ரிக்கெற்_அட்மின்
ஃபெயில் = டெஸ்டிங் -> ரீஓபன்ட்
ரீஓபன் = குளோஸ்ட் -> ரீஓபன்ட்

அம்புக்குறியின் இடப்புறம் தற்போதைய நிலை, வலப்புறம் அடுத்த நிலை. இப்போது திருத்திய ரிக்கெற் நேரே மூடப்படாது, முதலில் சோதனை நிலைக்குப் போகும். உரிய அனுமதி பெற்ற பொறுப்பாசிரியர் சோதித்த பின்னரே மூடலாம். "பாஸ்" செயலுக்கு, முடிவைப் பதியும் "ஒபரேஷன்ஸ்" என்ற துணைவரியும் சேர்க்கப்பட வேண்டும். ஏற்கனவே உள்ள, நேரே மூட விடும் "ரிசோல்வ்" வரிகளை நீக்க மறக்கக்கூடாது. நீக்காவிட்டால் முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான்.

கவனிக்க: எந்தச் செயலுக்கு எந்த அனுமதி தேவை என்பது கோப்பில் உள்ளது. அந்த அனுமதி யாருக்கு உண்டு என்பது தரவுத்தளத்தில் உள்ளது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

5. மாணவர் வழக்கமாக விடும் தவறுகள்

• பெயரில் எழுத்துப் பிழை விடுதல். ட்ராக் பிழைச்செய்தி தராது. அவ்வரியைப் பயன்படுத்தாமல் இயல்புநிலைப் பெறுமானத்தையே எடுத்துக்கொள்ளும்.
• பெறுமானத்துக்கு மேற்கோள் குறி இடுதல். அக்குறியும் பெறுமானத்தின் ஒரு பகுதியாகிவிடும்.
• வரியைத் தவறான பகுதியின் கீழ் எழுதுதல்.
• மாற்றுவதற்கு முன் பிரதி ஒன்று எடுக்காதிருத்தல்.
• மின்னஞ்சல் கடவுச்சொல் உள்ள கோப்பைப் பிறருக்குக் கொடுத்தல். அது மறைகுறியாக்கப்படாமல் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும்.

6. பயிற்சி வினாக்கள்

(1) அமைப்புக் கோப்பைப் பயன்படுத்துவதன் அனுகூலங்கள் இரண்டு தருக.
விடை: மூலக் குறிமுறையை மாற்றாமல் மென்பொருளின் நடத்தையை மாற்றலாம், ஒரே மென்பொருளை வெவ்வேறு நிறுவனங்கள் தத்தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

(2) மேலுள்ள செயலோட்டத்தில் "டெஸ்டிங்" நிலையிலிருந்து செல்லக்கூடிய நிலைகள் யாவை?
விடை: குளோஸ்ட், ரீஓபன்ட்.

(3) மூடப்பட்ட ரிக்கெற்றை மீளத் திறக்கும் வரி இல்லாவிட்டால் ஏற்படும் பிரச்சினை யாது?
விடை: அதே வழு மீண்டும் தோன்றினால் புதிய ரிக்கெற் பதிய வேண்டும். பழைய வரலாறு அதிலிருந்து பிரிந்துவிடும்.

(4) நூலக உதாரணத்தில் 13, 14, 15 ஆகிய நாட்களைச் சோதனைத் தரவாக எடுப்பது ஏன்?
விடை: வழு எல்லைப் பெறுமானத்தில் உள்ளது. எல்லையையும் அதன் இருபக்கத்தையும் சோதித்தால்தான் அது வெளிப்படும்.

நான்காவது வினாவைப் புத்தகத்தை மூடிவிட்டு மீண்டும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். ட்ராக்கின் கட்டளைப் பெயர்களை மனனம் செய்யத் தேவையில்லை. ஆனால் பராமரிப்புப் பற்றி எழுதும்போது "கண்டறிதல், பதிதல், திருத்தல், சோதித்தல், மூடுதல்" என்னும் ஐந்தையும் ஒழுங்காக எழுதுங்கள். சோதிக்காமல் மூடினால் என்ன நடக்கும் என்பதற்கு, காரணமின்றித் தண்டம் கட்டிய இரண்டாவது பிள்ளையை நினைவில் வைத்திருங்கள்.