ஏரி டு ஏரி சைக்கிள் டூர்: பட்ஜெட் போடுற மாதிரி ரூட் போடுங்க

சம்பளம் வந்த வாரமே எல்லாத்தையும் செலவழிச்சா 25ஆம் தேதி என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். சைக்கிள் டூர்லயும் அதே கதைதான். காலையிலேயே முழுத் தெம்பையும் செலவு பண்ணினா, மதிய வெயில்ல நடுரோட்டுல நிக்கணும். சென்னைக்குக் குடிநீர் தர்ற ஏரிகளை வச்சே ஒரு ரெண்டு நாள் ரூட் போட்டுப் பார்க்கலாம்.

1. 75% விதி

ஒரே நாள்ல 80 கி.மீ. ஓட்டிப் பழகியிருந்தா, பிளான் 60 கி.மீ. மட்டும்தான். மீதி 20 எதிர்காத்து, பஞ்சர், வழி தவறுறதுக்கான அவசர நிதி.

முதல் நாள் (தோராயமா): போரூர் – செம்பரம்பாக்கம் 12, திருவள்ளூர் 25, பூண்டி 11, தங்குறதுக்குத் திரும்ப திருவள்ளூர் 11. மொத்தம் 59. சரியா இருக்கு.

ரெண்டாம் நாள்: திருவள்ளூர் – தாமரைப்பாக்கம் – சோழவரம் – புழல், சுமார் 45. பூண்டித் தண்ணியும் தாமரைப்பாக்கம் அணைக்கட்டு வழியா சோழவரம் போய்த்தான் புழல் வருது. ஆனா புழல்ல டூர் முடியலை! போரூர் வீட்டுக்கு இன்னும் 20 இருக்கு. மொத்தம் 65. லோன்ல மறைஞ்சிருக்கிற சார்ஜ் மாதிரி, இந்தக் கடைசி 20-ஐத்தான் எல்லாரும் மறக்கிறாங்க. புழல்ல இருந்து லோடு ஆட்டோன்னு இப்பவே பட்ஜெட்ல எழுதிடுங்க.

2. நேரக் கணக்கு

மணிக்கு 15 கி.மீ. வேகம்னா 60 கி.மீ.க்கு 4 மணி நேரம். டிபன், தண்ணி, போட்டோவுக்கு ஒன்றரை மணி. காலை 5 மணிக்குக் கிளம்பினா 10.30க்குள்ள முடிஞ்சிடும்.

3. எப்போ போகக் கூடாது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பூண்டியில உபரி நீர் திறந்தா கொசஸ்தலையாத்துத் தரைப்பாலங்கள் மூழ்கலாம். ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஏரிக்கரை மேல ஓட்ட அனுமதி இருக்கும்னு நம்பி ரூட் போடாதீங்க. ரோட்டை மட்டும் கணக்குல எடுங்க.

4. பணக் கணக்கு

முதல் டூருக்காக 50,000 ரூபாய் சைக்கிளை இஎம்ஐ-ல வாங்காதீங்க. "நோ காஸ்ட்"னு சொன்னாலும், கிரெடிட் கார்டு இஎம்ஐ-ல வட்டிப் பகுதி மேல 18% ஜிஎஸ்டி வரும், பிராசஸிங் ஃபீஸும் இருக்கலாம். இருக்கிற சைக்கிளை சர்வீஸ் பண்ணிட்டுப் போங்க. ஹெல்மெட், பின்பக்க சிவப்பு லைட், ஸ்பேர் டியூப், இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆபீஸ் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். கை உடைஞ்சு ஒரு மாசம் லாஸ் ஆஃப் பே ஆனா சம்பளத்தை யார் தருவாங்க? தனிநபர் விபத்துக் காப்பீட்டுல தற்காலிக ஊனத்துக்கு வாராந்திரத் தொகை உண்டான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பாலிசியைப் பிரிச்சுப் படிங்க.

இந்த வாரமே ஒரு பேப்பர்ல தூரம், நேரம், பணம்னு மூணு காலம் போடுங்க. மூணுலயும் மிச்சம் இருந்தா மட்டும் கிளம்புங்க.